நகரைக் காட்டும் நடை: அகமதாபாத் தரும் பாடம்

நம் நாட்டின் பழம்பெரும் நகரங்களில் காக்கப்பட வேண்டிய கட்டடங்கள் இரு வகையின. கோட்டை, கோயில், மசூதி, கல்லறை மாடம் போன்ற பெருங்கட்டடங்கள் முதல் வகை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்ட சின்னங்களை 1958ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொன்மைச் சின்னங்கள் சட்டம் காக்கிறது. 2010ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு.

மக்கள் குடியிருக்கும் வீடுகள், குறுந்தெருக்கள், கிணறுகள், கடைவீதிகள் ஆகியவை இரண்டாம் வகை. ஒரு நகரத்தின் இயல்பை உருவாக்குபவை இவையே. ஆயினும் இவற்றின் பெரும்பகுதி அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இவை தனியாருக்குச் சொந்தமானவை. பழுதுபார்க்கவும், விற்கவும், இடிக்கவும் உரிமையாளர் முடிவு செய்கிறார். அவ்வுரிமையாளரின் கண்ணுக்கு அவ்வீடு ஒரு சுமையாக மட்டுமே தோன்றுமாயின் அது நெடுநாள் நிலைக்காது.

எனவே, பழநகர்ப் பாதுகாப்பில் முதற்பணி, அங்கு வாழ்வோரும் அந்நகரை ஆள்வோரும் அதன் மதிப்பை உணரச் செய்வதாகும். இப்பணிக்குப் பெருநிதி தேவையில்லாத ஒரு கருவி உண்டு. வழிகாட்டி ஒருவர் சிறு குழுவை நகரின் தெருக்கள் வழியே நடத்திச் சென்று, அதன் வரலாற்றையும் கட்டடக் கலையையும் நேரில் விளக்கும் ‘பாரம்பரிய நடை’யே அது. இதனை ஒரு மாநகராட்சியே தொடங்கி, நிலையான பணியாக நடத்தி வருவதற்கு அகமதாபாத் சிறந்த எடுத்துக்காட்டாகும். அந்நடை சாதித்தவை எவை, சாதிக்க இயலாதவை எவை என்பதை ஆராய்வது பிற நகரங்களுக்கும் பயன் தரும்.

நகரின் வளர்ச்சி

குஜராத் சுல்தான் முதலாம் அகமது ஷா, சாபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411ஆம் ஆண்டில் இந்நகரை நிறுவினார். ஆசாவல், கர்ணாவதி என்னும் பழைய குடியிருப்புகள் அப்பகுதியில் முன்னரே இருந்தன. புதிய தலைநகரில் பத்ரா கோட்டையும், அதன் எதிரே மூன்று வளைவுகள் கொண்ட ‘தீன் தர்வாஜா’ வாயிலும், 1424ஆம் ஆண்டில் நிறைவுற்ற ஜாமா மசூதியும் எழுந்தன. 1572ஆம் ஆண்டில் அக்பர் குஜராத்தைக் கைப்பற்றியபின் நகரம் முகலாயப் பேரரசின் வணிகத் தலங்களுள் ஒன்றாயிற்று. பட்டு, பருத்தி, சரிகை ஆகியவை அதன் செல்வத்திற்கு அடிப்படையாயின.

பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாயரும் மராட்டியரும் இந்நகருக்காகப் போரிட்டனர். அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. ரண்சோட்லால் சோட்டாலால் 1861ஆம் ஆண்டில் இங்கு முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். அவரே பிற்காலத்தில் நகராட்சித் தலைவர் பதவியை ஏற்ற முதல் இந்தியராகி, குழாய்க் குடிநீருக்கும் கழிவுநீர் வடிகாலுக்கும் வழிவகுத்தார். 1924 முதல் 1928 வரை வல்லபாய் பட்டேல் நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார். நகராட்சி என்னும் அமைப்புக்கு இந்நகரில் ஆழமான மரபு உண்டு என்பதைப் பின்னர் வரும் செய்திகளுக்கு முன்னுரையாகக் கொள்ளலாம்.

‘போள்’ என்னும் குடியமைப்பு

மதிலுக்குள் அமைந்த பழநகரின் தனிச்சிறப்பு ‘போள்’ என்னும் குடியமைப்பாகும். பெருந்தெருவிலிருந்து ஒரு வாயில் வழியே உள்ளே நுழைந்தால், குறுகிய தெரு ஒன்று வளைந்து செல்லும். அதிலிருந்து சிறு சந்துகள் கிளைத்துப் பெரும்பாலும் முட்டுச் சந்துகளாக முடியும். இரவில் வாயிற்கதவு அடைக்கப்படும், காவலர் இருப்பர். அமைதியற்ற காலங்களில் இவ்வமைப்பு மக்களுக்கு அரணாக விளங்கியது. தெருவின் நடுவே பொதுக் கிணறும், ஒரு கோயிலும், பறவைகளுக்குத் தீனியிடும் ‘சபூத்ரோ’ என்னும் செதுக்கு வேலைப்பாடுள்ள தூணும் காணப்படும். வாயிலுக்கும் கிணற்றுக்கும் போளே கூட்டாக உரிமை கொண்டாடியது. அதன் பொதுக் காரியங்களைப் பஞ்சாயத்தார் கவனித்தனர். போளில் உள்ள வீட்டை வெளியார்க்கு விற்பதிலும் கட்டுப்பாடு இருந்தது.

வீடுகள் நெருக்கமாக, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கின்றன. தெருப்புறத்தில் ‘ஓட்லா’ எனப்படும் திண்ணை. உள்ளே வானம் பார்த்த முற்றம். முற்றத்தின் கீழ் மழைநீரைத் தேக்கும் நிலத்தடித் தொட்டி. மரச் சட்டங்களைக் கோத்து, இடையில் செங்கல் நிரப்பிச் சுவர் எழுப்புவது கட்டுமான முறை. தூண், உத்தரம், உத்தரத்தைத் தாங்கும் போதிகை, சன்னல் ஆகிய அனைத்திலும் மரச் செதுக்கு வேலை நிறைந்திருக்கும். தெரு குறுகலாக இருப்பதால் வெயில் தரையில் அதிகம் விழுவதில்லை. முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. கோடையில் கடும் வெப்பம் நிலவும் ஊரில், மின்விசிறி இல்லாத காலத்தில், மக்கள் தேர்ந்த அறிவுடன் வகுத்துக்கொண்ட தீர்வு இது.

இவ்வமைப்பின் மறுபக்கத்தையும் மறத்தல் ஆகாது. ஒவ்வொரு போளும் பெரும்பாலும் ஒரு சாதி அல்லது ஒரு தொழிலைச் சார்ந்தவர்களின் குடியிருப்பாக இருந்தது. உள்ளிருப்போரைக் காத்த வாயிற்கதவு வெளியாரை விலக்கவும் செய்தது.

பழநகரின் தளர்ச்சி

சாபர்மதியின் குறுக்கே எல்லிஸ் பாலம் 1892ஆம் ஆண்டில் இரும்பால் அமைக்கப்பட்டது. அதன்பின் மேற்குக் கரையில் புதிய குடியிருப்புகள் பெருகலாயின. வசதி படைத்த குடும்பங்கள் காற்றோட்டமும் வாகனம் நிறுத்த இடமும் நாடிப் படிப்படியாக ஆற்றைக் கடந்தன. பழநகரில் எஞ்சிய வீடுகள் பல, வாடகைக்கு விடப்பட்டன. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் உறைந்துவிட்ட வாடகை, கூரை ஓட்டை மாற்றவும் போதாததாயிற்று. மரச்சட்ட வீட்டுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு தேவை. அதனைச் செய்வதில் உரிமையாளருக்கும் குடியிருப்போருக்கும் ஆர்வம் குன்றியது.

வணிகப் பெருக்கம் அடுத்த காரணமாகும். குடியிருப்பாக இருந்த வீடு சரக்கு வைக்கும் கிடங்காக மாறினால் வருமானம் அதிகம். 1980களில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதால் வேலையிழந்தோர் பல்லாயிரவர். நகரின் பொருளாதாரமே ஆட்டங்கண்டது. 1969, 1985 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த வகுப்புக் கலவரங்கள் பழநகர் மீது அச்சத்தின் நிழலைப் படரச் செய்தன. பழநகர் என்றாலே நெரிசல், அழுக்கு, பூசல் என்னும் எண்ணம் நகர மக்களிடமே வேரூன்றியது. மேற்குக் கரையில் பிறந்து வளர்ந்த இளைஞர்களுள் பலர், தம் பாட்டன் வாழ்ந்த போளுக்குள் ஒருமுறையும் நுழையாமலே வளர்ந்தனர்.

நடையின் தோற்றம்

இச்சூழ்நிலையில் அகமதாபாத் மாநகராட்சி 1996ஆம் ஆண்டில் தன் நிர்வாகத்துக்குள்ளேயே பாரம்பரியப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று இவ்வாறு தனிப்பிரிவு அமைத்தது நம் நாட்டில் ஒரு முன்னோடி முயற்சியாகும். மரபுக் கட்டடக் கலையைப் பேணும் பணியில் ஈடுபட்ட ‘குருட்டா’ அறக்கட்டளையும், அதனைச் சார்ந்த கட்டடக் கலைஞர் தேபாஷிஷ் நாயக்கும் மாநகராட்சியுடன் இணைந்து பணியாற்றினர். 1997ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், உலகப் பாரம்பரிய வாரத்தின் முதல் நாளில், பாரம்பரிய நடை தொடங்கிவைக்கப்பட்டது.

திட்டம் எளியது. காலை 8 மணியளவில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் பார்வையாளர்கள் கூடுவர். நகரின் வரலாற்றைப் பற்றிய ஒரு சிறு படக்காட்சி அங்கு நடைபெறும். பின்னர் வழிகாட்டி அவர்களைப் போள்களின் வழியே இரண்டு, இரண்டரை மணி நேரம் நடத்திச் சென்று ஜாமா மசூதியில் நிறைவு செய்வார். புதிதாகக் கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. வேண்டியவை தெளிவான ஒரு வழி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், தூய்மையான தெருக்கள், குடியிருப்போரின் இசைவு ஆகிய நான்கே.

காலை நேரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் நடப்பது எளிது. கடைகள் திறக்கப்படாததால் தெருவில் நெரிசல் இராது. மூடிய கடைகளுக்கு மேலே உள்ள சன்னல்களையும் மாடங்களையும் நின்று பார்க்க முடியும். திண்ணையில் செய்தித்தாள் படிப்போரையும், வாசல் கழுவும் பெண்களையும், சபூத்ரோவில் தானியம் இறைப்போரையும் காணலாம். கட்டடங்கள் எதற்காக அவ்வாறு கட்டப்பட்டன என்பது அப்போது சொல்லாமலே விளங்குகிறது.

கோயில் முதல் மசூதி வரை

நடையின் தொடக்கமான சுவாமிநாராயண் கோயில், சகஜானந்த சுவாமிகள் (1781–1830) காலத்தில், 1822ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அம்மரபினர் எழுப்பிய முதற்கோயில் இதுவேயாகும். பர்மாத் தேக்கில் செதுக்கிய தூண்களும் போதிகைகளும் வண்ணந் தீட்டப்பட்டுப் பொலிகின்றன. குஜராத்தின் மரச்சிற்பக் கலை கோயிலிலும் இல்லத்திலும் ஒன்றே என்பதை நடையின் முதல் அடியிலேயே பார்வையாளர் உணர்கின்றனர்.

அடுத்து, லம்பேசுவர் போளில் கவிஞர் தல்பத்ராம் (1820–1898) வாழ்ந்த இடம். அலெக்சாண்டர் போர்ப்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1848ஆம் ஆண்டில் நிறுவிய குஜராத் தாய்மொழிச் சங்கத்தில் தல்பத்ராம் பெரும்பணி ஆற்றியவர். அவரது வீடு அழிந்துபோயிற்று. அவ்விடத்தில் வீட்டின் முகப்பை மட்டும் மீண்டும் எழுப்பி, கவிஞர் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையைத் திண்ணையருகே வைத்துள்ளனர். பார்வையாளர் சிலர் சிலையின் அருகில் அமர்ந்து இளைப்பாறுவர். போளின் சிறுவர்கள் அதைச் சுற்றி விளையாடுவர். ஒரு வீட்டை இழந்தபின் நகரம் செய்த பரிகாரம் இது. முழு வீடும் நிற்கும்போதே காத்திருந்தால் முகப்பைப் புதிதாகக் கட்ட வேண்டியிராது என்ற எண்ணத்தையும் இவ்விடம் எழுப்புகிறது.

மேலும் செல்லச் செல்லப் போள்களின் உள்ளமைப்பு புலனாகிறது. இராமர் கரிய திருமேனியுடன் அமர்ந்த கோலத்தில் காட்சி தரும் காலா ராம்ஜி கோயில் ஒரு வீட்டின் முற்றத்துக்குள் அமைந்துள்ளது. சமணர் கோயில்கள் சில, வெளித்தோற்றத்தில் வீடு போன்றே காணப்படுகின்றன. உள்ளே நுழைந்தபின்னரே பளிங்கும் மரச்சிற்பமும் கண்ணைக் கவர்கின்றன. படையெடுப்பாளரின் பார்வையிலிருந்து தப்ப இவ்வாறு அமைத்தனர் என்பர். ஓரிடத்தில், வீட்டுக் கதவு போல் தோன்றும் ஒரு வாயிலைத் திறந்தால் அது அடுத்த போளுக்குச் செல்லும் மறைவழியாக இருக்கிறது. முட்டுச் சந்து என்று எண்ணிய பார்வையாளர், உள்ளூரார்க்கு மட்டும் தெரிந்த பாதை வழியே மறுபுறம் வெளிவருகிறார்.

ஹர்குன்வர் சேட்டாணியின் ஹவேலி இவ்வழியில் குறிப்பிடத்தக்கதாகும். தில்லி வாயிலுக்கு வெளியே உள்ள புகழ்பெற்ற ஹத்தீசிங் சமணக் கோயிலை, கணவர் மறைந்தபின் தாமே முன்னின்று 1848ஆம் ஆண்டில் முடித்தவர் இவ்வம்மையார். பெருமாளிகையின் மாடங்களைத் தாங்கும் பெரிய போதிகைகள் மரத்தச்சரின் கைத்திறனுக்குச் சான்றாக நிற்கின்றன. பெண் ஒருவர் பெருஞ்செல்வத்தையும் பெருங்கட்டடப் பணியையும் அக்காலத்தில் நிர்வகித்த செய்தியை, பாடநூலில் படிப்பதைவிட அவர் வீட்டு வாசலில் நின்று கேட்பது மாணவர் மனத்தில் ஆழப் பதியும்.

பெர்னாண்டஸ் பாலத்தின் அடியில் உள்ள புத்தகக் கடைகளைக் கடந்து, நகரின் முதற்போள் என்று மரபாகக் கூறப்படும் முகூர்த்தப் போளை அடையலாம். அருகிலேயே, 1894ஆம் ஆண்டில் தோன்றிய அகமதாபாத் பங்குச் சந்தைக்கு உரியதாக இருந்த ஐரோப்பியப் பாணிக் கட்டடம் நிற்கிறது. மாணேக் சௌக் சதுக்கம் பகலில் பொற்கொல்லர்களின் கடைவீதி. இரவில் அதே இடம் உணவுச் சந்தை. ஒரே நிலப்பரப்பை நேரத்துக்கு ஏற்பப் பலரும் பகிர்ந்துகொள்ளும் இந்நடைமுறை நகரத் திட்ட மாணவர்களுக்கு ஒரு நல்ல பாடமாகும்.

சதுக்கத்தின் ஒருபுறம் அரசியரின் கல்லறைகளும், மறுபுறம் அகமது ஷா, அவர் மகன், பேரன் ஆகியோரின் கல்லறை மாடமும் உள்ளன. அரசியர் கல்லறையைச் சுற்றி மகளிர்க்கான ஆடை அணிகலன் கடைகள் நெருங்கியுள்ளன. இறுதியாக ஜாமா மசூதி. 260 தூண்களும் 15 குவிமாடங்களும் கொண்ட இதன் தொழுகை மண்டபத்தில், குஜராத்தின் கோயிற் சிற்பிகள் கையாண்ட தூண் அமைப்பும் விதான வேலைப்பாடும் இசுலாமியத் திட்டத்துக்குள் இயல்பாகப் பொருந்தியுள்ளன. 1819ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இதன் உயர்ந்த தூபிகள் சிதைந்தன. காலையில் கோயில் மரத்தூணில் கண்ட கொடிவேலைப்பாட்டைப் பார்வையாளர் இங்குக் கல்லில் காண்கின்றனர். கோயிலில் தொடங்கி மசூதியில் முடியும் இவ்வழி, இரு சமயத்தாரின் கலை ஒரே கைவினை மரபில் வளர்ந்தது என்பதை விளக்கவுரை இன்றியே உணர்த்துகிறது. கலவரங்களால் காயமுற்ற ஒரு நகரில் இதன் மதிப்பு சிறிதன்று. 2002ஆம் ஆண்டில் மீண்டும் கொடிய கலவரம் மூண்டதை எண்ணும்போது, இத்தகைய உணர்த்துதல் எவ்வளவு தேவை என்பதும், அது மட்டும் போதாது என்பதும் ஒருங்கே விளங்கும்.

நடையால் விளைந்தவை

முதற்பயன், குடியிருப்போரின் மனமாற்றம். தொலைவிலிருந்து வருவோர் தம் வீட்டுப் போதிகையை நின்று நோக்குவதைக் காணும் உரிமையாளர், தாமும் அதனை நிமிர்ந்து பார்க்கிறார். விறகு என எண்ணியதைச் சிற்பம் என உணர்கிறார்.

இரண்டாவது பயன், நிர்வாகத்தில் நேர்ந்த மாற்றம். மாநகராட்சியே நடத்தும் நடை ஆதலின், வழியில் குப்பை தேங்கினாலும், வடிகால் உடைந்தாலும், விளக்கு எரியாவிடினும் அக்குறை அன்றாடம் வெளியார் கண்ணில் படுகிறது. துப்புரவு, பொறியியல், நகரமைப்பு ஆகிய பிரிவுகள் தத்தம் பணியை ஒரே தெருவில் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. கோப்பில் ஓர் எண்ணாக இருந்த வீடு, அதிகாரிக்கு நேரில் அறிமுகமாகிறது.

மூன்றாவது பயன், சட்டப் பாதுகாப்புக்கான அடித்தளம். பழநகரின் பாரம்பரியக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டன. 2,600க்கும் மேற்பட்டவை பட்டியலில் இடம்பெற்றன. இவற்றை மாற்றவோ இடிக்கவோ மாநகராட்சியின் பாரம்பரியக் குழுவின் ஒப்புதல் தேவை என்னும் விதி ஏற்பட்டது. பட்டியலிட்ட வீட்டைப் பழுதுபார்த்துக் காக்கும் உரிமையாளர், தாம் பயன்படுத்தாத கட்டுமான உரிமையை வேறு பகுதியில் கட்டுவோர்க்கு விற்று நிதி பெறவும் வழிசெய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டு சூலையில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, அகமதாபாத் பழநகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வாறு நகரமாகவே இடம்பெற்ற முதல் இந்திய நகர் இதுவாகும். செய்ப்பூர் 2019ஆம் ஆண்டில் இரண்டாவதாக இடம்பெற்றது.

இவையனைத்தும் நடை ஒன்றினால் மட்டுமே விளைந்தன என்று கூறுவது மிகையாகும். ஆய்வாளர், கட்டடக் கலைஞர், கல்வி நிலையங்கள் ஆகியோரின் நீண்டகால உழைப்பு இதில் உண்டு. எனினும், அவ்வுழைப்பைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்து, அதன்பால் இசைவைத் திரட்டியதில் நாள்தோறும் நடந்த இந்நடைக்குப் பெரும் பங்கு உண்டு.

நடையால் இயலாதவை

நடையின் வழியில் உள்ள தெருக்கள் கவனிக்கப்படுகின்றன. இரண்டு சந்துகள் தள்ளி நிற்கும் வீடு எவர் கண்ணிலும் படாமல் சரிந்து விழக்கூடும். ஒரே வழியை மட்டும் காத்தால் எஞ்சுவது நகரத்தின் முகப்பே தவிர நகரமன்று. தல்பத்ராம் வீட்டின் முகப்பு இதற்கொரு எச்சரிக்கையாகும்.

உரிமைச் சிக்கல் அடுத்த தடை. மூன்று, நான்கு தலைமுறையாகப் பிரிக்கப்படாத வீட்டுக்கு வாரிசுகள் பலர்; சிலர் வெளிநாட்டில் இருப்பர். அனைவரின் கையொப்பமும் இன்றிப் பழுதுபார்க்கும் உதவியோ கடனோ பெறுதல் அரிது. நல்ல தேக்குக்கு விலை அதிகம். செதுக்குத் தச்சர் குறைவு. இந்நிலையில் தூணையும் கதவையும் பழம்பொருள் வணிகரிடம் விற்றுவிட்டு, எஞ்சியதை இடித்துக் கற்காரைக் கட்டடம் எழுப்பும் ஆசை இயல்பாகவே தோன்றுகிறது. 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில், இந்நகரின் மேற்குப் பகுதியில் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து பலர் உயிரிழந்தனர். நன்கு பேணப்பட்ட மரச்சட்ட வீடு அசைவுக்கு வளைந்து கொடுக்கும் இயல்புடையது. கற்காரை என்றாலே உறுதி என்னும் நம்பிக்கையை அந்நாள் கேள்விக்கு உள்ளாக்கிற்று. இவ்வறிவு உரிமையாளரைச் சென்றடைய வேண்டும்.

பழநகரின் மதிப்பு உயரும்போது வேறொரு இடரும் எழுகிறது. ஹவேலிகள் சில விருந்தினர் இல்லங்களாக மாறியுள்ளன. வருவாய் ஈட்டும் வீடு நிலைத்து நிற்கும் என்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால், போளின் எல்லா வீடுகளும் உணவகமும் விடுதியுமாக மாறி, வாடகைக்கு இருந்த எளியோர் வெளியேற நேர்ந்தால், பார்வையாளர் காண வந்த வாழ்க்கை அங்கு இராது.

எதனைச் சொல்வது என்பதும் சிந்தனைக்குரியது. வணிகர் மாளிகையையும் அரசர் கல்லறையையும் காட்டும் நடை, போளின் வாயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களின் வரலாற்றையும், மதிலுக்கு வெளியே ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புகளின் வரலாற்றையும் விட்டுவிடலாகாது. பெருமையை மட்டும் கூறும் வழிகாட்டி, நகரத்தின் பாதியையே காட்டியவராவார்.

பிற நகரங்களுக்கு

அரசியலமைப்பின் 51-அ பிரிவு, நமது கலப்புப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாகக் கூறுகிறது. 74ஆவது திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்த பணிகளை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மைய அரசு 2015ஆம் ஆண்டில் தொடங்கி 2019ஆம் ஆண்டு வரை செயற்படுத்திய ‘இருதய்’ என்னும் பாரம்பரிய நகர மேம்பாட்டுத் திட்டத்தில் 12 நகரங்கள் இடம்பெற்றன. காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அவற்றுள் அடங்கும். இத்தகைய திட்டங்களின் காலம் முடிந்தபின்னும் தொடரக்கூடிய பணியாக நகர நடை அமையும். அதனைத் தொடங்க விரும்பும் உள்ளாட்சி அமைப்புகள் கீழ்க்காணும் நெறிகளைக் கருத்திற் கொள்ளலாம்.

1. நடைக்கு முன் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு வீட்டின் வயது, உரிமை, பழுது ஆகியவற்றைக் குறித்த பதிவேடு இருந்தால்தான் நடை பாதுகாப்புக்குப் பயன்படும்.

2. வழி ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். அழகிய கட்டடங்களை வரிசையாகக் காட்டுவதைவிட, நீர் வழி, தொழில் வழி, கல்வி வழி என ஒரு நூலில் கோப்பது நினைவில் நிற்கும்.

3. குடியிருப்போரின் இசைவு முதலில் பெறப்பட வேண்டும். திண்ணையும் முற்றமும் அவர்களுடைய வாழ்விடங்கள். குழு சிறியதாக இருத்தல், உரத்த குரலைத் தவிர்த்தல், கேட்காமல் நிழற்படம் எடுக்காமை ஆகியவை கண்டிப்பான விதிகளாக இருக்க வேண்டும்.

4. வழிகாட்டிகளைக் கூடியவரை அப்பகுதி இளைஞர்களிலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும். கர்ணபரம்பரைச் செய்தியையும் சான்றுள்ள வரலாற்றையும் பிரித்துச் சொல்ல அவர்கள் கற்றிருத்தல் இன்றியமையாதது.

5. பள்ளி, கல்லூரி மாணவர்க்குக் கட்டணமின்றியும், புதிதாகப் பணியேற்கும் நகராட்சி அலுவலர்க்குக் கட்டாயமாகவும் இந்நடை அமைய வேண்டும். வெளியூர்ப் பயணியைவிட இவ்விரு பிரிவினரே நகரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர்கள்.

6. நடையிலிருந்து வரும் வருவாய் சிறிதாயினும், அதன் ஒரு பகுதி அத்தெருக்களின் பராமரிப்புக்கே செலவிடப்பட வேண்டும். வழிகளும் காலப்போக்கில் பலவாகப் பெருக வேண்டும்.

அகமதாபாத்தின் அனுபவம் தெளிவானது. சட்டமும் நிதியும் பின்னர் வந்தன. முதலில் வந்தது, தம் நகரைக் கால்நடையாகச் சென்று பார்க்கும் பழக்கம். பார்க்கப்படாத வீடு பேசாமல் இடிந்து விழுகிறது. பலர் பார்த்த வீட்டை இடிப்பதற்குமுன் பலரிடம் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பழநகரில் பணியேற்கும் அலுவலர், கோப்புகளைத் திறக்குமுன் ஒரு காலைப் பொழுதை அதன் தெருக்களில் நடந்து கழிப்பாராயின், அக்கோப்புகளில் அவர் எழுதும் குறிப்பு வேறாக இருக்கும்.